கோடையிலும் வாடாத தோட்டம்

சித்திரை பிறந்தால் வெயில் ஏறும். கிணற்றில் தண்ணீர் இறங்கும். சந்தையில் கீரைக்கட்டு சிறுத்துப் போகும். அதன் விலை மட்டும் பெருத்துப் போகும்.

இந்த நேரத்தில்தான் பல வீடுகளில் தோட்டத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். "குடிக்கவே தண்ணீர் இல்லை. செடிக்கு எங்கே போவது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலும் இருக்கிறது.

கோடையில் தோட்டத்தைக் காப்பாற்றுவது அதிகத் தண்ணீர் அல்ல. ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே தங்க வேண்டும். வெயிலும் காற்றும் அதைத் திருடிக்கொண்டு போகக் கூடாது. அதற்கான வழிகளை இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. தோட்டம் எதற்கு?

நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை தேசிய குடும்ப நல ஆய்வு நடந்தது. அதில் தெரிந்த செய்தி இது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், 100 பேருக்கு 57 பேர் அப்போது இரத்த சோகையுடன் இருந்தார்கள். பாதிக்கு மேல்!

இரத்த சோகை வந்தால் உடம்பு சீக்கிரம் களைத்துப் போகும். மூச்சு வாங்கும். தலை சுற்றும். பிரசவத்தில் ஆபத்தும் உண்டு. உணவில் கீரை, காய், பழம் குறைவது இதற்கு ஒரு காரணம்.

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது 2024ஆம் ஆண்டில் ஓர் உணவு வழிகாட்டியை வெளியிட்டது. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 400 கிராம் காயும் கீரையும் சாப்பிட வேண்டும், 100 கிராம் பழமும் சாப்பிட வேண்டும் என்று அது சொல்கிறது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எவ்வளவு ஆகும்? காயும் கீரையும் 1,600 கிராம். பழம் 400 கிராம். இவ்வளவையும் தினமும் காசு கொடுத்து வாங்க எத்தனை வீடுகளால் முடியும்?

சிறு தோட்டம் முழுத் தேவையையும் தராது. ஆனால் இன்று ஒரு கட்டுக் கீரை தரும். நாளைக்கு ஒரு கை வெண்டைக்காய் தரும். மறுநாள் ஒரு பப்பாளி தரும். கீரைச் சோற்றோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால், கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கர்ப்பிணிகள் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. கீரை உணவுதான். மாத்திரைக்கு அது மாற்று ஆகாது.

2. வெயில் செடியை என்ன செய்கிறது?

செடி வேரால் தண்ணீர் குடிக்கிறது. இலையில் நம் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீரை ஆவியாக விடுகிறது. நமக்கு வியர்ப்பது போலத்தான் இதுவும். வியர்த்தால் உடம்பு குளிரும். ஆவி போனால் இலை குளிரும்.

வெயில் கடுமையானால் ஆவி வேகமாகப் போகும். வேர் குடிப்பதைவிட இலை இழப்பது அதிகமாகும். அப்போது இலை துவண்டு தொங்கும்.

காற்றும் தண்ணீரைக் கொண்டு போகும். சூடான மேல்காற்று அடித்தால் பாத்தி ஒரே பகலில் உலர்ந்துவிடும்.

இன்னொரு கேடும் உண்டு. வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் புழுக்கம் இருந்தால் தக்காளிப் பூ உதிரும். செடி பச்சையாக நிற்கும். காய் பிடிக்காது. இது உரக் குறைவு அல்ல. வெப்பத்தின் வேலை.

3. ஒரு வீட்டில் நடந்த பேச்சு

உச்சி வெயில் நேரம். மருமகள் இடுப்பில் குடத்துடன் கொல்லைப்புறம் வருகிறாள். மாமியார் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

"அத்தை, காலையிலதான் ஊத்தினேன். இப்போ பாருங்க, கத்திரிச் செடி எல்லாம் தலை தொங்கிப் போச்சு. இன்னும் ரெண்டு குடம் ஊத்திடறேன்."

"கொஞ்சம் இரும்மா. செடியைப் பார்த்தது போதும். மண்ணைத் தொட்டுப் பாரு."

மருமகள் செடியின் பக்கத்தில் விரலை விட்டுப் பார்க்கிறாள்.

"மேலே சுடுது அத்தை. உள்ளே ஈரமாத்தான் இருக்கு."

"அப்போ அதுக்குத் தாகம் இல்லை. வெயிலுக்குப் பயந்து இலையைச் சுருக்கிக்கிட்டு நிக்குது. வெயில் தாழட்டும். தானே நிமிரும். நிமிரலைன்னா அப்போ ஊத்து."

"இப்போ ஊத்தினா என்ன அத்தை?"

"பாதித் தண்ணியை வெயிலே குடிச்சிடும். நீ தெருமுனையில இருந்து சுமந்த தண்ணி அது. காலையில வெயில் ஏறும் முன்னே ஊத்து. இல்லைன்னா பொழுது சாயும்போது ஊத்து. ஊத்துறதை வேருக்கு ஊத்து. இலை மேல ஊத்தாதே."

சாயங்காலம் ஐந்தரை மணி. மருமகள் வந்து பார்த்தாள். கத்திரிச் செடிகள் நிமிர்ந்து நின்றன. ஒரே ஒரு செடி மட்டும் வாடியிருந்தது. அதன் அடியில் மண் காய்ந்து கிடந்தது. அதற்கு மட்டும் அரைக் குடம் ஊற்றினாள்.

அன்று ஒன்றரைக் குடம் மிச்சம் ஆனது. ஒரு நடையும் மிச்சம் ஆனது.

இதற்கு விரல் சோதனை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நடுவிரலை முழுவதும் மண்ணில் விடுங்கள். நுனியில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். காய்ந்த மண் உதிர்ந்தால் தண்ணீர் வேண்டும்.

தினமும் மேலாகத் தெளிப்பதும் தவறு. மேல் மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நிற்கும். ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் செடி சாய்ந்துவிடும். வேர் இறங்கிய செடிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆழமாக நனையும்படி ஊற்ற வேண்டும். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். நாற்றுக்கும் கீரைக்கும் மட்டும் தினமும் ஊற்ற வேண்டும்.

4. தண்ணீர்க் கணக்கு

6 அடி நீளம், 3 அடி அகலம் உள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். அதில் செடி நிறைந்திருக்கிறது. நல்ல வெயில் நாளில் அந்தப் பாத்தி சுமார் 10 முதல் 12 லிட்டர் தண்ணீரை இழக்கும். ஏறக்குறைய ஒரு குடம்.

இப்படி 4 பாத்தி இருந்தால்?

4 × 12 = 48 லிட்டர்.

15 லிட்டர் குடத்தில் மூன்று குடத்துக்குச் சற்று அதிகம்.

இவ்வளவையும் நல்ல தண்ணீராகவே ஊற்ற வேண்டுமா? வேண்டாம். வீட்டிலேயே ஒரு முறை பயன்பட்ட தண்ணீர் இருக்கிறது. நான்கு பேர் ஆளுக்கு ஒரு வாளி குளித்தால் 60 லிட்டர். அது பல வீடுகளில் தெருவில் ஓடிச் சேறாகிறது. கொசுவை வளர்க்கிறது.

எந்தத் தண்ணீரை எதற்கு ஊற்றலாம்?

அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர்: எல்லாச் செடிக்கும் ஊற்றலாம். கீரைக்கு மிகவும் நல்லது.

குளித்த தண்ணீர்: வாழை, தென்னை, முருங்கை, பப்பாளி ஆகியவற்றுக்கு விடலாம். பந்தல் கொடிகளின் வேருக்கும் விடலாம். நடுவே ஒரு நாள் நல்ல தண்ணீர் விட வேண்டும். இல்லாவிட்டால் சோப்பின் உப்பு மண்ணில் தங்கிவிடும்.

துணி துவைத்த முதல் தண்ணீர்: இதில் காரம் அதிகம். செடிக்கு வேண்டாம். கடைசியாக அலசிய தண்ணீரை மரங்களுக்கு விடலாம்.

குழந்தையின் அழுக்குத் துணி அலசிய தண்ணீர்: தோட்டத்துக்கு ஆகாது.

குளித்த தண்ணீரைக் கீரை மேலும், பச்சையாகத் தின்னும் வெள்ளரி மேலும் படவிடக் கூடாது. அதைச் சேர்த்து வைக்கவும் கூடாது. அன்றைக்கு அன்றே மண்ணுக்குப் போக வேண்டும். நல்ல தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டியையும் பீப்பாயையும் மூடி வையுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும்.

குளிக்கும் இடத்திலிருந்து வாழைக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். ஒரு காலை நேர வேலைதான். தண்ணீர் சுமப்பது பெண்களின் வேலை என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஆண்கள் மண்வெட்டி எடுத்து இந்த வாய்க்காலை வெட்டினால், கோடை முழுவதும் பல குடங்களின் சுமை குறையும்.

5. மண்ணுக்கு ஒரு போர்வை

வெயிலில் போகும்போது நாம் தலையில் துண்டு போடுகிறோம். மண்ணுக்கும் அப்படி ஒரு துண்டு வேண்டும். இதற்கு மூடாக்கு என்று பெயர்.

காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, பிடுங்கிய களை, தென்னை நார்க்கழிவு ஆகிய எல்லாம் மூடாக்கு ஆகும். விதை பிடித்த களையை மட்டும் போட வேண்டாம். அது மறுபடி முளைக்கும்.

மூடாக்கு போடும் முறை:

முதலில் களை எடுங்கள். மண்ணை இலேசாகக் கொத்திவிடுங்கள்.

நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கு போட்டால் பயன் இல்லை.

நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள்.

தண்டை ஒட்டிப் போடாதீர்கள். இரண்டு விரல் இடம் விடுங்கள். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும்.

மூடாக்கு இருந்தால் மண் சுடாது. ஈரம் போகாது. களை முளைக்காது. மழைக்காலம் வந்ததும் அதுவே மக்கி உரம் ஆகும்.

கரையான் வருமா? சில இடங்களில் வரும். வாரம் ஒரு முறை மூடாக்கைக் கிளறிவிடுங்கள். பொடி செய்த வேப்பம் பிண்ணாக்கைத் தூவுங்கள்.

6. மண்பானைப் பாசனம்

குடிதண்ணீர் வைக்கும் மண்பானையைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். வெளிப்புறம் ஈரமாக இருக்கும். பானையின் சுவரில் மிக நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் கசிகிறது. இந்தக் கசிவையே செடிக்குப் பயன்படுத்தலாம்.

5 முதல் 8 லிட்டர் பிடிக்கும் மண்பானை ஒன்றை எடுங்கள். பழைய பானையே போதும். விரிசல் இருக்கக் கூடாது. பெயிண்ட் பூசியது ஆகாது. பளபளப்புப் பூச்சு உள்ளதும் ஆகாது.

பானையைவிடச் சற்றுப் பெரிய குழி வெட்டுங்கள். வெட்டிய மண்ணில் மக்கிய சாணி எருவைக் கலந்துகொள்ளுங்கள். பானையைக் குழியில் வைத்து, சுற்றிலும் அந்த மண்ணைப் போட்டு அணையுங்கள். பானையின் வாய் மட்டும் இரண்டு விரல் வெளியே தெரியட்டும். தண்ணீர் நிரப்பி, ஓடு அல்லது தட்டால் மூடிவிடுங்கள். மூடாவிட்டால் கொசு வரும். தவளையும் விழும்.

பானையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் விதை ஊன்றுங்கள். வெள்ளரி, பூசணி, பாகல், சுரை நன்றாக வரும். ஒரு பானையைச் சுற்றி மூன்று அல்லது நான்கு செடி போதும்.

மண் காய்ந்தால் பானை அதிகமாகக் கசியும். மண் ஈரமானால் கசிவு குறையும். செடிக்கு வேண்டிய அளவே போகும். வெயிலுக்கு ஒரு சொட்டும் வீண் ஆகாது. பானையில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால் மறுபடி நிரப்புங்கள்.

இரண்டு நாள் வெளியூர் போனாலும் செடி வாடாது. உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் நாளடைவில் துளைகள் அடைத்துக்கொள்ளும். அப்போது பானையை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

7. நிழல் தருவோம்

காலை வெயில் செடிக்கு நல்லது. பகல் 12 மணி முதல் 4 மணி வரை அடிக்கும் வெயில்தான் கெடுதி. இது மேற்குப் பக்கமிருந்து சாய்ந்து வரும். அதனால் தலைக்கு மேலும் மேற்குப் பக்கமும் மறைப்பு வேண்டும்.

நான்கு கம்பு நட்டு, மேலே தென்னங்கீற்று போடலாம். பழைய பருத்திப் புடவையும் கட்டலாம். பச்சை நிழல் வலை கடையில் கிடைக்கும். பாதி வெயிலை மறைக்கும் வலை போதும். முழுவதும் இருட்டாக்கிவிட்டால் செடி நீண்டு வளரும், காய்க்காது.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே யோசியுங்கள். மேற்கு ஓரத்தில் முருங்கை, அகத்தி, வாழை வையுங்கள். அவை நிழலும் தரும், உணவும் தரும். காற்றையும் தடுக்கும்.

8. கோடையில் எதை நடலாம்?

எல்லாச் செடியும் எல்லாக் காலத்திலும் வராது. கோசும் காரட்டும் குளிர் விரும்பிகள். கோடையில் சமவெளியில் அவற்றோடு போராட வேண்டாம். வெயிலைத் தாங்கும் செடிகளை நடுங்கள்.

கொத்தவரை: வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாது. ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

வெண்டை: இதுவும் ஒன்றரை மாதத்தில் காய்க்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை பறித்தால்தான் தொடர்ந்து காய்க்கும்.

காராமணி: கொடி தரையை மூடிவிடும். அதுவே மூடாக்கு போல ஆகும். மண்ணுக்குச் சத்தும் தரும்.

வெள்ளரி, பாகல், பீர்க்கு, புடலை: பந்தலில் விடுங்கள். பந்தலின் கீழே கிடைக்கும் நிழலில் புதினாவும் கொத்தமல்லியும் வளர்க்கலாம்.

தண்டுக்கீரை, முளைக்கீரை: முளைக்கீரையை 25 நாளில் பறிக்கலாம். பத்து நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும்.

பசலை, பொன்னாங்கண்ணி: குளிக்கும் இடத்தின் அருகே ஈரத்தில் நன்றாக வரும். குளித்த தண்ணீர் இலையில் படாத இடமாகப் பாருங்கள்.

விதையை மாசி, பங்குனியில் போட்டுவிட வேண்டும். அக்கினி நட்சத்திரம் மே மாதத் தொடக்கத்தில் வரும். அதற்குள் செடி வேர் ஊன்றியிருக்கும். கடும் வெயிலில் புதிதாக நாற்று நடக் கூடாது. நட வேண்டியிருந்தால் மாலையில் நட்டு, ஒரு வாரம் நிழல் கட்டுங்கள்.

கடும் வெயிலில் யூரியா போடாதீர்கள். காய்ந்த மண்ணில் உரம் வேரைக் கருக்கும். மக்கிய எரு போதும்.

9. பழ மரங்களைக் காப்போம்

செடி போனால் அடுத்த மாதம் விதைக்கலாம். மரம் போனால் பல ஆண்டு உழைப்பு போகும். தண்ணீர் மிகவும் குறைந்தால் முதலில் மரக்கன்றுகளைக் காப்பாற்றுங்கள்.

கன்று: ஒரு வயது ஆகாத கன்றுக்கு மேற்கிலும் தெற்கிலும் பனை ஓலையால் மறைப்பு வையுங்கள்.

பப்பாளி: இதற்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் தேங்கி நின்றால் அழுகும். அடிமரத்தைச் சுற்றி மண்ணை மேடாக அணையுங்கள். அந்த மேட்டுக்கு வெளியே வட்டப் பாத்தி போட்டு அதில் தண்ணீர் விடுங்கள்.

வாழை: தேவைக்கு மேல் உள்ள பக்கக் கன்றுகளை வெட்டிவிடுங்கள். அவை தாய் வாழையின் தண்ணீரைப் பங்கு போடும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுங்கள். குலையைக் காய்ந்த வாழை இலையால் மூடுங்கள்.

எலுமிச்சை, மாதுளை: பல நாள் காயப் போட்டுவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பிஞ்சு உதிரும், காய் வெடிக்கும். குறைவாக இருந்தாலும் ஒரே சீராக விடுங்கள்.

பெரிய மரத்துக்கு அடிமரத்தில் ஊற்றிப் பயன் இல்லை. உச்சி வேளையில் மரத்தின் நிழல் எங்கே முடிகிறதோ, அந்த வட்டத்தில்தான் தண்ணீர் குடிக்கும் வேர்கள் அதிகம். அங்கே ஊற்றுங்கள். வெயில் நேராகப் படும் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் பட்டை வெடிக்காது.

புது மரம் வைக்க ஆசையா? கோடையில் குழி மட்டும் எடுங்கள். 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம் போதும். குழி இரண்டு வாரம் வெயிலில் காயட்டும். மண்ணில் உள்ள பூச்சியும் புழுவும் சாகும். மழை தொடங்கியதும் எருவும் மேல் மண்ணும் போட்டுக் கன்றை நடுங்கள்.

10. கோடைப் பூச்சிகள்

இலையின் அடியில் பாருங்கள். மிகச் சிறிய சிவப்புப் புள்ளிகள் ஊர்கின்றனவா? மெல்லிய நூலாம்படை இருக்கிறதா? அது செஞ்சிலந்தி. வெண்டை, கத்திரியில் வரும். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாக அடித்தால் குறையும்.

வெள்ளையாக, பஞ்சு ஒட்டியது போல இருந்தால் அது மாவுப்பூச்சி. எறும்புகள் இதைச் செடிக்குச் செடி கொண்டு போகும். அந்தக் கிளையை வெட்டி எரித்துவிடுங்கள்.

வெண்டை இலையின் நரம்பு மஞ்சளாக மாறினால் அது நச்சு நோய். வெள்ளை ஈ இதைப் பரப்பும். அந்தச் செடியை உடனே பிடுங்கிவிடுங்கள். ஒரு செடிக்கு இரக்கப்பட்டால் பாத்தியே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் எளிய மருந்து வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் கட்டுங்கள். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். மொத்தம் 1 லிட்டர் ஆகும்படி தண்ணீர் சேருங்கள். கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும், மருந்தும் வீணாகும்.

11. மற்ற ஊர்களில் எப்படி?

நம் நாட்டில் மிகக் கடுமையான வெயில் அடிக்கும் மாநிலங்களில் ஒன்று இராஜஸ்தான். அங்குள்ள பலோடி என்ற ஊரில் 2016ஆம் ஆண்டு மே 19 அன்று வெப்பம் 51 டிகிரி ஆனது. அந்த மாநிலத்தில்தான் கொத்தவரை ஏராளமாக விளைகிறது. அங்கே வீட்டருகிலும் வயலிலும் வன்னி மரம் வளர்க்கிறார்கள். மழை குறைந்த இடத்திலும் அது காய்க்கும். அதன் காயைப் பறித்துக் காயவைத்து, ஆண்டு முழுவதும் குழம்பு வைக்கிறார்கள். வன்னிதான் அந்த மாநிலத்தின் மரம்.

கங்கை, யமுனைக் கரைகளில் வெள்ளம் வடிந்த பிறகு, மணலில் குழி எடுக்கிறார்கள். எரு போட்டு வெள்ளரி, சுரை, தர்ப்பூசணி நடுகிறார்கள். மேலே மணல் சுட்டாலும் அடியில் ஈரம் இருக்கும். வேர் அந்த ஈரத்தைத் தேடிப் போகும்.

கேரளத்தில் தென்னையைச் சுற்றி, உரித்த தேங்காய் மட்டையைப் புதைக்கிறார்கள். மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்த்திருக்கும். மழைக்காலத்தில் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குத் தரும்.

மூன்று ஊர். மூன்று வழி. மூன்றிலும் மக்கள் செய்வது ஒன்றுதான்: ஈரம் இருக்கும் இடத்தை அறிந்து, அதைக் காக்கிறார்கள்.

12. மிஞ்சினால் வற்றல், முற்றினால் விதை

சில நாள் காய் அதிகமாகக் கிடைக்கும். கொத்தவரை, வெண்டை, பாகல், கத்திரி எல்லாவற்றையும் வற்றல் போடலாம். கோடை வெயில் அதற்குக் காசு கேட்காது. உப்பும் மோரும் சேர்த்து ஊறவைத்து, சுத்தமான துணியில் காயப் போடுங்கள். ஈ மொய்க்காமல் மேலே மெல்லிய துணி மூடுங்கள். மழைக்காலத்தில் காய் இல்லாத நாளில் உதவும்.

நல்ல செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் விடுங்கள். அது முற்றிக் காயட்டும். விதையை எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வையுங்கள். ஆடிப்பட்டத்துக்கு விதை தயார். கடையில் வீரிய ஒட்டு விதை வாங்கியிருந்தால் அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம். அடுத்த முறை தாயைப் போல வராது.

13. உங்கள் உடம்பையும் காத்துக்கொள்ளுங்கள்

தோட்ட வேலையைக் காலை 9 மணிக்குள் முடியுங்கள். அல்லது மாலை 4 மணிக்கு மேல் செய்யுங்கள். தலையை மூடிக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சித் தண்ணீர் நல்லது.

வெயிலில் ஒருவருக்கு உடம்பு மிகவும் சுட்டு, பேச்சுக் குழறி, மயக்கம் வந்தால் அது வெப்பத் தாக்கு. உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நினைவில் வையுங்கள்

* செடியைப் பார்த்து ஊற்ற வேண்டாம். மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.
* காலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம்.
* மண்ணை வெறுமையாக விடாதீர்கள். மூடுங்கள்.
* ஒரு முறை பயன்பட்ட தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள். வேருக்கு விடுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. உச்சி வெயிலில் துவண்ட செடிக்கு உடனே தண்ணீர் தேவையா? எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?
2. எந்தத் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றக் கூடாது? ஏன்?
3. பெயிண்ட் பூசிய பானை ஏன் ஆகாது?
4. ஒரு வீட்டில் 5 பேர். ஆளுக்கு 15 லிட்டர் வாளி ஒன்றில் குளிக்கிறார்கள். மொத்தம் எத்தனை லிட்டர்? ஒரு பாத்திக்கு 12 லிட்டர் என்றால், அது எத்தனை பாத்தியின் தேவைக்குச் சமம்?

(விடை: 75 லிட்டர். 6 பாத்தி. 3 லிட்டர் மீதி.)

செய்து பாருங்கள்

தோட்டத்தில் ஒரே அளவில் இரண்டு இடம் எடுங்கள். இரண்டிலும் அரைக் குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றை நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலையால் மூடுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். மூன்றாம் நாள் இரண்டிலும் விரல் விட்டுப் பாருங்கள். கண்டதை நோட்டில் எழுதுங்கள். படிப்பு வட்டத்தில் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.